ட்ரிப்ஸ் பாட்டிலில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை

"உடம்பெல்லாம் ஒரே அசதியா இருக்கு மேடம், ஒரு பாட்டில் ஏத்தி விடச் சொல்லுங்களேன்." தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் லேபில் இதைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ரத்தம் எடுத்துச் சோதிக்கிற டெக்னீஷியன். ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பவரிடம் எல்லாம் கேட்டுப் பார்ப்பது நம் வழக்கம்.

அந்த அரை லிட்டர் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. கலோரிக் கணக்கில் இரண்டு இட்லியைத் தாண்டாது. வாந்தி பேதியில் துவண்டு வருகிறவருக்கு ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவது உயிரைக் காப்பாற்றும், அது வேறு கதை. மாதக்கணக்கில் அசதி என்று வருகிறவருக்கு அதனால் கிடைப்பது ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கிற வாய்ப்புதான். பலருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது அந்த ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிடுகிற நமக்குச் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. அதைச் செல்லுக்குள் எரித்துச் சக்தியாக்குகிற இடத்தில்தான் கோளாறு வருகிறது. எனக்கு நாற்பதுகளின் நடுவில் வந்தது, அம்மாவுக்கு எழுபதைத் தாண்டி வந்தது. இரண்டையும் அருகிலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் லேப் சமாச்சாரம் ஒன்று. சர்க்கரை பார்ப்பதற்கு நாங்கள் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் ரத்தம் பிடிப்போம். அதன் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூளில் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது. உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், டியூபுக்குள்ளேயே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரண டியூபில் பிடித்து, அணுக்களைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வெளியூர் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பஸ்ஸில் வருகிற சாம்பிள் என்றால், காலையில் 125 இருந்தவர் மதியம் ரிப்போர்ட்டில் நல்ல பிள்ளையாகிவிடுவார். அணுக்களின் தீனியை நிறுத்தத்தான் ஃபுளோரைடு. அதுவும் போட்டவுடன் நிறுத்துவதில்லை, முழுசாக அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இத்தனைக்கும் சிவப்பணுவுக்கு, செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அது சுமந்து போகிற ஆக்சிஜனில் அது கை வைப்பதே இல்லை. ஒரு குளுக்கோஸை உடைத்து, செல்லின் சக்திக் காசான ஏடிபியில் இரண்டே இரண்டு எடுத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிறது. மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா இருப்பதால் அவை அதே குளுக்கோஸை ஆக்சிஜனோடு எரித்து முப்பது ஏடிபி வரை எடுக்கின்றன. ஏடிபியை மூட்டை கட்டி வைக்க உடம்பில் இடமில்லை. அந்தந்த நொடிக்கு உண்டாக்கி அந்தந்த நொடியே செலவழிக்க வேண்டும். ஒரு நாளில் நாம் இப்படி உண்டாக்கி உடைப்பதை எடை போட்டால் கிட்டத்தட்ட நம் உடம்பு எடையே வரும். மூளை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, செலவில் ஐந்தில் ஒரு பங்கு. உற்பத்தி தடுமாறினால் அது தலையில் தெரியாமல் போகாது.

எனக்குத் தெரிந்த விதம் இது. பார்கோடு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டியூபில் ஒட்ட வந்தோம் என்று நிற்பேன். படித்த வரியையே மறுபடி படிப்பேன். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கும். இரவில் படுத்தால் கால் குடைச்சல். எதையோ உதறிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கும், எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். "நைட் டூட்டி பாக்குற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். மாதவிடாயும் ரொம்ப நாளாகவே அதிகப் போக்கு. நாற்பதைத் தாண்டினால் அப்படித்தான் என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

எங்கள் பேத்தாலஜி மேடம் ஒருநாள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் ஊசி குத்துற, இப்ப நீ கையை நீட்டு" என்று அவரே ரத்தம் எடுத்தார். ஸ்லைடை என்னையே பார்க்கச் சொன்னார். நல்ல சிவப்பணு மைக்ரோஸ்கோப்பில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளிறி, சுற்றிலும் நிறமாகத் தெரியும். என்னுடையவை சின்னச் சின்னதாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையம் போட்டது மாதிரி கிடந்தன. நடுநடுவே பென்சில் போல நீண்டவை சில. ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 6. ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் கணக்கு. 15க்குக் கீழே போனால் இருப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக, என் ஸ்லைடில் அதிசயம் எதுவும் இல்லை.

இரும்பு என்றவுடன் ரத்தம் மட்டும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கிற புரதங்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் நடுவில் இரும்புதான் உட்கார்ந்திருக்கிறது. மூளையில் டோபமைன் உண்டாக்குகிற நொதிக்கும் இரும்பு வேண்டும். அதனால் ஹீமோகுளோபின் ஓரளவு இருக்கும்போதே, இருப்பு குறைந்தவுடன் அசதியும் கவனச் சிதறலும் வரலாம். அந்தக் கால் குடைச்சலும் இந்த வகைதான். குடைச்சல் என்று வருகிற பெண்களிடம் ஃபெரிட்டின் பார்த்தீர்களா என்று கேட்கும் டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

மகப்பேறு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கர்ப்பப்பையில் கட்டி என்றார். முதலில் போக்கை நிறுத்த வைத்தியம், கூடவே இரும்பு மாத்திரை. தினமும் இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு தடவை இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ஏறக்குறைய ஒரு நாளுக்குக் கதவைச் சாத்திவிடும், மறுநாள் போடுவதில் உள்ளே போகிற பங்கு குறைந்துவிடும். சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களை வைத்துச் செய்து 2017ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இடைவெளி விட்டால் வயிற்றுப் புரட்டலும் குறைவு. ஆனால் எத்தனை மாத்திரை, எப்போது என்பது அவரவர் டாக்டர் சொல்ல வேண்டியது. கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு.

சாப்பாட்டு விஷயத்தில் முருங்கைக்கீரையை எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் நமக்குச் சேர்வது கொஞ்சம். எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி சுலபம், ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலும். ரத்தம் ஊற சுவரொட்டி சாப்பிடு என்று பாட்டிமார்கள் சொல்லி வந்ததில் லேபில் நிற்கிற எனக்கு மறுக்க ஒன்றுமில்லை.

கஷ்டமான பகுதி காபி. சாப்பாட்டோடு காபி குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து சேரும் இரும்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததாக 1983ல் ஒரு சோதனை சொன்னது, டீ என்றால் 60க்கும் மேல். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டிபனுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்று சொன்னால் அது வம்பை விலை கொடுத்து வாங்குவது. எங்கள் வீட்டில் நான் காபியை முன்னால் நகர்த்திவிட்டேன். எழுந்ததும் காபி, ஒரு மணி நேரம் கழித்து டிபன். டிபன் முடிந்து டபராவைப் பார்க்காமல் எழுந்துபோகப் பழகுவதற்குத்தான் நாளாயிற்று.

கால் குடைச்சல்தான் முதலில் நின்றது. தலை தெளிந்தது அதற்கு அப்புறம். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிய பிறகும் மேடம் மாத்திரையை நிறுத்த விடவில்லை. ரத்தம் நிரம்பிய பிறகுதான் இருப்பு சேரும் என்றார். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் அதே 9 புள்ளியோடு திரும்பி வருகிறவர்களை நான் தினமும் பார்ப்பதால் வாயைத் திறக்கவில்லை.

அம்மா கதைக்கு வருகிறேன். வயது எழுபத்தொன்று. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அதோடு காலையில் எழுந்ததும் ஒரு கேஸ் மாத்திரை. யாரோ எப்போதோ பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது, அப்படியே மளிகைச் சாமான் மாதிரி மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. அம்மா சுத்த சைவம். குழம்புக்கு இரண்டு தடவை உப்பு விழுந்தது. பேத்தி ஊருக்குப் போய்விட்டாளா என்று காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்டார். கோயிலுக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார், கழன்று விழுந்தது காலுக்குத் தெரியவில்லை. "வயசாயிடுச்சுல்ல" என்று தம்பி சொல்லிவிட்டான். செருப்பு விஷயம்தான் எனக்கு உறுத்தியது.

பி12 வெறும் 138. பொதுவாக 200க்குக் கீழே போனாலே குறைவு. ஸ்லைடில் சிவப்பணுக்கள் என்னுடையதற்கு நேர் எதிர், பெருத்துப் போயிருந்தன. ஒரு வெள்ளையணுவின் உட்கரு ஆறு துண்டாகப் பிரிந்து கிடந்தது, வழக்கமாக மூன்று நான்குதான் இருக்கும். மெட்ஃபார்மினும் சரி, நாள்பட்ட கேஸ் மாத்திரையும் சரி, பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. அதோடு பி12 இயற்கையில் கிடைப்பது முட்டை, மீன், இறைச்சி, பால் வகைகளில்தான். புளித்த மாவில் பி12 நிறைய இருக்கிறது என்று சுற்றுகிற செய்தியை நம்பி இட்லியை மட்டும் நம்பியிருக்க முடியாது. இந்த வைட்டமினுக்கு உடம்பில் இரண்டு வேலை. ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே சில கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் எரிக்கிற பாதையில். இன்னொன்று டிஎன்ஏ உண்டாக்குவதிலும், நரம்பின் உறையைப் பழுதில்லாமல் வைத்திருப்பதிலும். அதனால்தான் ரத்தம், நரம்பு, ஞாபகம் மூன்றும் ஒரே நேரத்தில் தடுமாறின.

சிவப்பு நிறத்தில் இருக்குமே, அந்த ஊசியைத்தான் டாக்டர் போட்டார். நம் ஊரில் எல்லா அசதிக்கும் சத்து ஊசி என்று போட்டுவிடுகிற அதே சிவப்பு ஊசி, இங்கே உண்மையாகவே வேலை செய்தது. கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது நின்றுவிட்டது. பாத மரமரப்பு கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. நரம்பு விஷயத்தில் காலம் தாழ்த்தினால் அப்படித்தான். மெட்ஃபார்மினை நாங்களாக நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை பி12 பார்த்தால் போதும். கேஸ் மாத்திரையை மட்டும் டாக்டரே படிப்படியாக எடுத்துவிட்டார்.

ஞாபகம் தேறிய பிறகும் அம்மா பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியே இருந்தார். காரணம் காது. மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024ல் தந்த அறிக்கையில், மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியல் போட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பு இல்லாமை எல்லாம் எதிர்பார்த்தவைதான். நடு வயதில் காது மந்தமாவதும் அதில் இருக்கிறது. காதில் மெஷின் வைக்க மாட்டேன், ஊர் சிரிக்கும் என்று அம்மா முரண்டு பிடித்தார். டிவி சீரியல் வசனம் தெளிவாகக் கேட்டதும் சமாதானமாகிவிட்டார்.

என்னிடம் திரும்பினால், இரும்பு சரியான பிறகும் பாதி அசதி பாக்கி இருந்தது. இந்தப் பாதிக்கு மாத்திரை கிடையாது. லேபில் நிற்பதும் ஸ்கூட்டியில் வருவதும் போவதும்தான் என் உடலுழைப்பு. நாள் முழுக்க நிற்கிறோமே என்று தோன்றும். நிற்பதற்குத் தசை பெரிதாக எதையும் எரிப்பதில்லை.

அமெரிக்காவில் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் 1967ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. எலிகளை டிரெட்மில்லில் பன்னிரண்டு வாரம் ஓடவிட்டுத் தசையைப் பார்த்தார். ஆக்சிஜனோடு எரிக்கும் திறன் இரண்டு மடங்காகி, மைட்டோகாண்ட்ரியாவின் புரதமும் கூடியிருந்தது. அதாவது வேலை கொடுத்தால் செல் தன் உலையைத் தானே பெருக்கிக்கொள்கிறது. ஏடிபி குறைவதை மோப்பம் பிடிக்கிற ஒரு நொதி உண்டு, ஏஎம்பிகே என்பார்கள். அது விழித்தால் புது மைட்டோகாண்ட்ரியா உண்டாக்கும் மரபணுக்களுக்குச் செய்தி போகும். செய்தி போக வேண்டுமானால் முதலில் கொஞ்சம் குறைய வேண்டும். மூச்சு வாங்காத நடையில் அந்தச் செய்தி அவ்வளவாகப் போவதில்லை என்பது என் அனுபவமும்கூட. கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில் நடந்த நாட்களில் மனசுக்கு இதமாக இருந்தது, மாடிப்படி மட்டும் அப்படியே மிரட்டியது.

புது ஆற்றங்கரையில் பக்கத்து வீட்டு அக்காவோடு நடக்க ஆரம்பித்தேன். கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் காலையில் காற்றே வேறு மாதிரி இருக்கும். அக்கா வைத்த சட்டம் ஒன்று: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் விடாமல் நடந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. நடுவில் இரண்டு மின்கம்பத்துக்கு இடையே மட்டும் வேகத்தைக் கூட்டி, அடுத்த இரண்டுக்கு இடையே மெதுவாக்குவோம். லேபுக்கு லிஃப்டை விட்டுவிட்டுப் படி. ஐஸ் பெட்டியில் சாம்பிள் கொண்டுபோகும்போதும் படிதான், கூட வேலை செய்யும் பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டில் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, தோசைக்கல் காயும் நேரத்தில் சுவரில் கை வைத்துத் தள்ளுவது. இதற்குத் தனியாக உடையோ இடமோ தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபெரிட்டின் 6 இருந்த காலத்தில் இதே நடையை நடந்திருந்தால் மயங்கித்தான் விழுந்திருப்பேன். இரும்பு இல்லாத மைட்டோகாண்ட்ரியாவை வேலை வாங்குவது வீண். அதனால்தான் முதலில் ரத்தம், அப்புறம்தான் நடை என்று எல்லோருக்கும் சொல்கிறேன். நெஞ்சுவலி, கால் வீக்கம், படுத்தாலே மூச்சுத் திணறல் இருக்கிறவர்கள் நடை பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக இதய டாக்டரிடம் போங்கள்.

மூளைக்கும் நடையால் பலன் உண்டா என்று தம்பி கேட்டான். 2011ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். பாதிப் பேர் வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் வரை நடந்தார்கள், மீதிப் பேர் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். நடந்தவர்களுக்கு மூளையில் ஞாபகத்தைக் கையாளும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஸ்கேனில் அளவு கூடினால் வாழ்க்கையில் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் தனி விவாதம். அம்மா இப்போது மாலையில் தெருவைச் சுற்றுகிறார், செருப்புக்குப் பின்பட்டை உண்டு.

தூக்கத்தில்தான் நான் அதிகம் போராடினேன், இன்னும் முடியவில்லை. நைட் டூட்டி வேலையின் ஒரு பகுதி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஏடிபியைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காபி அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததில் பாதி வெளியேற ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால், பாதி டீ இன்னும் தலைக்குள் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் நைட்டில் கடைசி காபி ஒரு மணிக்கு முன்னால். அதற்கு மேல் வெந்நீர்.

இரவுச் சாப்பாட்டையும் மாற்றினேன். முன்பு பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா பார்சல் வரும், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. 2021ல் 19 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், செயற்கையாக நைட் டூட்டி நேரத்துக்கு விழிக்கவைத்து இரவிலும் சாப்பிடவிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சின்னச் சோதனைதான், ஆனால் என் வயிறும் அதையே சொன்னது. டூட்டிக்குக் கிளம்புமுன் எட்டு மணிக்கே சாப்பாடு. நடுராத்திரி பசித்தால் சுண்டலோ வேர்க்கடலையோ கொஞ்சம், மோர். பரோட்டா மாதத்தில் ஒருநாள் வந்தால் விடுவதில்லை.

காலையில் வீட்டுக்கு வரும்போது ஹெல்மெட்டில் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிடுவேன். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக் கடிகாரம் விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். அறைக்குக் கனமான திரை, போன் வேறு அறையில். ஆடி மாதம் மட்டும் எதுவும் செல்லாது. தெருமுனை அம்மன் கோயிலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு எந்த மருத்துவமும் மருந்து சொல்லவில்லை. பகல் டூட்டி வாரத்தில் இதெல்லாம் நேர்மாறு: எழுந்ததும் வெயில் படுகிற இடத்தில் நிற்பேன்.

தூக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013ல் மெய்க்கன் நெடர்கார்ட் குழு எலிகளில் காட்டியது அது. தூங்கும்போது செல்களுக்கு இடையில் இருக்கும் இடம் விரிந்து, அமிலாய்டு போன்ற புரதங்கள் வேகமாக வெளியேறின. ஆனால் 2024ல் இன்னொரு குழு, அதுவும் எலிகளில், தூக்கத்தில் இந்தக் கழுவல் குறைகிறது என்று எழுதியது. சண்டை ஓயட்டும். ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கிய மறுநாள் ஸ்டிக்கர் எந்த டியூபுக்கு என்று எனக்கு யோசிக்க வேண்டியிருப்பதில்லை, எனக்கு அது போதும்.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக. சோற்றைக் குறைக்கச் சொன்னால் டெல்டாக்காரர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். நான் குறைத்தது இரண்டாவது தடவைச் சோற்றை மட்டும். அந்த இடத்தில் பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, கிடைக்கிற நாளில் மத்தி மீன். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடப்பது. நடக்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். என் சொந்த ஆர்வத்தில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்திருக்கிறேன், அதே சாம்பார் சாதத்துக்கு நடந்த நாளும் நடக்காத நாளும் வேறு வேறு எண்.

செல் சக்திக்கு என்று டப்பாவில் வருகிற பொடிகள், மாத்திரைகள் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தெரிந்தவர் ஒருவர் சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்து, மாதம் நான்காயிரம் ரூபாய்க்கு மைட்டோகாண்ட்ரியா பொடி வாங்கிக் குடித்தார். தைராய்டு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்எச் என்ற ஹார்மோன் அவருக்கு 40க்கு மேல் இருந்தது. தைராய்டு மாத்திரை மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் செல்லுக்குள் எரிவதே மந்தமாகிவிடும், எந்தப் பொடியும் அதை ஈடு கட்டாது.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு, இந்தப் பக்கம் நிற்கிற ஆளாக நான்கைந்து விஷயம் சொல்லிவிடுகிறேன். அசதிக்கு முதல் சுற்றில் டாக்டர் பெரும்பாலும் எழுதுவது சிபிசி என்கிற ரத்த அணுக் கணக்கு, ஃபெரிட்டின், பி12, டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை. ஐம்பது டெஸ்ட் அடங்கிய பேக்கேஜ் தேவைப்படுவதில்லை. சத்து ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் பி12 பார்க்க வராதீர்கள், எண் எங்கேயோ போய் நிற்கும், குறை இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அது தணிந்த பிறகு வாருங்கள். முடி வளரவென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில மெஷின்களில் அது தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிவிடும், இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வந்தால் போதும்.